தொழிலாளிக்கு எந்த மொழி? கேலாங் வகுப்புகளின் முன்கதை

இப்பக்கத்தில் வழக்கமாகத் தொடக்கநிலை மாணவர்களின் வாசிப்பு, எழுத்துப்பிழை, வீட்டில் தமிழ்ப் புழக்கம் ஆகியவை பற்றியே எழுதி வருகிறேன். இன்று எழுதப்போவது வளர்ந்தவர்களின் வகுப்பைப் பற்றி. நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக் கட்டடங்களையும் நாம் குடியிருக்கும் அடுக்குமாடிகளையும் கட்டித் தந்தவர்களின் வகுப்பைப் பற்றி. சற்று நீளமான கட்டுரை. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

கேலாங் என்றதும் நம்மவர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. இரட்டைப்படை எண் கொண்ட லோரோங்குகளின் சிவப்பு விளக்குகளே அவர்கள் நினைவுக்கு வருகின்றன. அதே வட்டாரத்தில்தான் சீனர்களின் குலச் சங்கங்களும், கோயில்களும், பள்ளிவாசல்களும், டுரியான் கடைகளும், வெளிநாட்டு ஊழியர்கள் வாடகையைப் பகிர்ந்துகொண்டு நெருக்கமாகத் தங்கும் பழைய கடைவீடுகளும் இருக்கின்றன. அத்தகைய கடைவீடு ஒன்றின் மாடியில் ஞாயிறு மாலைதோறும் ஊழியர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தந்த தொண்டூழியர் குழு ஒன்றுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். வந்தவர்களில் பாதிப்பேர் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். தமிழ் வழியாக விளக்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

முதல் வாரம் நான் நடத்திய பாடம் என்ன தெரியுமா? தன்னை அறிமுகப்படுத்திக் கொள்ளுதல், வணக்கம் கூறுதல், வழி கேட்டல். முப்பது ஆண்டுகளாகப் பாடநூல்கள் கற்றுத்தந்த வரிசை அது. முதல் வாரம் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். மறுவாரம் ஆறு பேர். குறை என்மேல்தான் என்பதை உணர எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. அந்த ஆறு பேரில் ஒருவர் வகுப்பு முடிந்தபின் தயங்கி நின்றார். கைப்பேசியில் பிடித்து வைத்திருந்த ஊதியச் சீட்டின் படத்தைக் காட்டி, "சார், இந்த வரி என்னா சார்? மூணு மாசமா இருக்கு" என்றார். 'டிடக்ஷன்' என்று இருந்தது. பிடித்தம் என்று சொன்னேன். எதற்காகப் பிடிக்கிறார்கள் என்பது அதில் இல்லை. "அதை நீங்கள் கேட்டிருக்கலாமே, தம்பி" என்றேன். "என்ன வார்த்தை சொல்லிக் கேக்குறது சார்?" என்றார் அவர்.

பத்தாம் வகுப்பு முடித்து, தொழிற்பயிற்சி நிலையத்தில் சான்றிதழ் பெற்று, தமிழில் தடையின்றி எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் அவர். அவருக்கு எழுத்தறிவு இல்லை என்று யாரும் கூற இயலாது. தம் ஊதியத்தைப் பற்றிப் பேசும் மொழியில் மட்டும் அவர் கைநாட்டு. வீடு திரும்பும் வழியில் என் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. இந்தத் தீவில் தொழிலாளி எந்த மொழியை, எந்த அளவுக்குக் கற்க வேண்டும் என்பதை இதுகாறும் யார் முடிவு செய்து வந்திருக்கிறார்கள்? அதைத் தேடிப் படித்ததில் கிடைத்தவற்றையே கீழே தருகிறேன்.

ஆங்கிலேயர் காலத்தில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த தமிழ்த் தொழிலாளி ஆங்கிலம் கற்கவில்லை. அவரை மேய்த்தவர்கள்தாம் தமிழ் கற்றார்கள்! தோட்டத்துக்கு வேலைக்கு வந்த வெள்ளைக்கார இளைஞர் ஓரளவு தமிழ் கற்றுத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. 1919இல் தோன்றிய மலாயாத் தோட்டக்காரர் கழகம் அத்தகைய தேர்வுகளை நடத்தியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கென்றே 'கூலித் தமிழ்' என்ற பெயரில் கைந்நூல்கூட வெளிவந்தது. பெயரே போதும். வேலை வாங்குவதற்கு வேண்டிய சொற்றொடர்களை முதலாளி கற்றுக்கொண்டுவிட்டால், கணக்கேட்டையும் ஒப்பந்தத்தையும் படிக்கும் மொழியைத் தொழிலாளி கற்க வேண்டிய தேவை யாருக்கும் தோன்றவில்லை. மலாயாவுக்கான ஒப்பந்தக்கூலி முறை 1910இல் ஒழிந்த பின்னும் கங்காணி முறை தொடர்ந்தது. கங்காணியே மொழிபெயர்ப்பாளர், கங்காணியே கடன் கொடுத்தவர். இவ்விரு பணிகளும் ஒரே ஆளிடம் இருந்ததை ஆசிரியர்கள் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலாயாக் கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி நடத்தக் கட்டளையிட்டது. தோட்டத் தமிழ்ப் பள்ளிகளின் பெருக்கத்துக்கு அது ஒரு காரணம். (அப்பள்ளிகளின் வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது.) ஆனால் சட்டம் பேசியது பிள்ளைகளைப் பற்றியே, பெற்றோர் இரவில் எழுத்துக் கூட்டிப் படிக்க ஏற்பாடு செய்யுமாறு அது கூறவில்லை.

சிங்கப்பூரில் நிலைமை சிறிது வேறு. இங்கே தோட்டங்களைவிடத் துறைமுகமும், நகராட்சியும், செம்பவாங் கடற்படைத் தளமுமே தமிழரின் வேலையிடங்கள். கேலாங்குக்கு மிக அருகில், காலாங்கில், 1862 முதல் எரிவாயு ஆலை இயங்கி வந்தது. அவ்வட்டார இந்தியத் தொழிலாளர்கள் வழிபட்ட மன்மத காருணீஸ்வரர் கோயில் இன்றும் காலாங் சாலையோரம் இருக்கிறது. ஆலை 1998இல் மூடப்பட்டுவிட்டது. இத்தொழிலாளர்களின் மொழிக் கல்வியைப் பற்றிக் கவலைப்பட்டவை சங்கங்களே. 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். 1946இல் கடையநல்லூர் முஸ்லிம்களின் முயற்சியில் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி உருவாயிற்று.

சாரங்கபாணியின் பணிகளில் நம் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது ஒன்று உண்டு. 1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தமிழர்கள் தயங்காமல் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அவர் பத்திரிகை வாயிலாக வலியுறுத்தினார். விண்ணப்பப் படிவங்களை நிரப்பவும் உதவினார். பலரும் இதை அரசியல் பணியாக மட்டுமே எழுதுகிறார்கள். எனக்கோ அது மொழிப் பணியாகவும் தோன்றுகிறது. படிவத்தைப் படிக்க இயலாததால் ஒருவர் தாம் வாழும் நாட்டிலேயே அயலாராக நின்றுவிடக் கூடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். வகுப்பு நடத்த அவகாசம் இல்லை. ஆகவே உடன் அமர்ந்து நிரப்பிக் கொடுத்தார்கள்.

அதன் பிறகு அரசே களத்தில் இறங்கியது. 1960 ஏப்ரலில் வளர்ந்தோர் கல்வி வாரியம் அமைந்தது. மலாய்மொழியில் அதன் பெயர் நீளமானது. மக்கள் சுருக்கமாக 'லெம்பாகா' என்றார்கள். மலேசியாவுடன் இணைவதை எதிர்நோக்கியிருந்த அக்காலத்தில் மலாய்மொழி வகுப்புகளுக்கு ஏராளமானோர் வந்தனர். தனி நாடான பின் தேவை ஆங்கிலத்தின் பக்கம் திரும்பியது. 1979இல் வாரியம் தொழிற்பயிற்சிக் கழகத்தோடு இணைந்தது. 1983இல் 'பெஸ்ட்' எனப்பட்ட அடிப்படைக் கல்வித் திட்டம் தொடங்கிற்று. தொடக்கப்பள்ளியைக்கூட முடிக்காத ஊழியர்களுக்கு ஆங்கிலமும் கணக்கும் கற்பித்த திட்டம் அது. தொழிற்சங்கமும் முதலாளிகளும் கைகோத்தனர். தொழிற்சாலை வளாகத்துக்குள்ளேயே வகுப்புகள் நடந்தன. வேலை முடிந்து எண்ணெய்க் கறை படிந்த கையோடு ஆங்கில எழுத்துகளைப் பழகிய தமிழர்களும் அவர்களில் உண்டு. புதிய இயந்திரங்களின் குறிப்புகளைப் படிக்கத் தெரிந்த ஊழியர் தேவைப்பட்டனர் என்பதே திட்டத்தின் உந்துவிசை. அதில் தவறு ஏதுமில்லை. ஊழியருக்கும் அதனால் நன்மை விளைந்தது. ஆனால் பாடத்திட்டத்தைத் தீர்மானித்தது தொழிற்சாலையின் தேவை என்பதை மறக்கலாகாது.

அதே ஆண்டுகளில் வேறொரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. 1978 முதல் பிலிப்பீன்ஸ், இலங்கை முதலிய நாடுகளிலிருந்து வீட்டுப் பணிப்பெண்களை அமர்த்த அனுமதி கிடைத்தது. கட்டுமானத்துக்கும் பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தனர். 'பெஸ்ட்' போன்ற திட்டங்கள் முதன்மையாக உள்நாட்டு ஊழியர்களை எண்ணி வகுக்கப்பட்டவை. இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வந்து செல்பவருக்கு எதற்கு மொழி வகுப்பு என்பதே பொதுவான எண்ணமாக இருந்தது.

இவ்விடத்தில்தான் கேலாங் மீண்டும் வருகிறது. பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரியார் கியோம் அரோத்சரேனா 1980ஆம் ஆண்டளவில் அங்கே ஒரு நிலையத்தை நடத்தத் தொடங்கினார். கேலாங் கத்தோலிக்க நிலையம் என்று பெயர். சிறையிலிருந்து வந்தவர்கள், துன்புறுத்தப்பட்டு வீட்டைவிட்டு ஓடிவந்த பணிப்பெண்கள், ஊதியம் கிடைக்காத வெளிநாட்டு ஊழியர்கள் எனப் பலரும் அங்கே ஒதுங்கினர். மொழி வகுப்பு அதன் முதன்மைப் பணி அன்று. அடைக்கலமும் ஆலோசனையுமே அதன் உயிர். ஆயினும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, அதற்கு என்ன பொருள் என்று வெளிநாட்டு ஊழியருக்கு எடுத்துச் சொல்லும் வேலையைத் தொண்டூழியர்கள் அங்கே செய்தனர் என்பதால் இக்கட்டுரையில் அதற்கு இடமுண்டு.

1987 மே 21 அன்று உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 16 பேர் கைது செய்யப்பட்டனர். ஜூன் மாதம் மேலும் 6 பேர். திருச்சபையின் சமூகப் பணிகளில் ஈடுபட்டவர்கள் அவர்களில் பலர். கேலாங் நிலையத்தில் பணியாற்றியவர்களும் இருந்தனர். ஆட்சியைக் கவிழ்க்க நடந்த மார்க்சியச் சதி இது என்பது அரசின் கூற்று. கைதானவர்களில் பலர் 1988இல் கூட்டறிக்கை வெளியிட்டு அதை மறுத்தனர். மறுத்தவர்களில் பெரும்பாலோர் மீண்டும் கைதாயினர். வழக்கு நீதிமன்ற விசாரணைக்கு வரவேயில்லை. நிலையம் மூடப்பட்டது, பாதிரியார் நாட்டைவிட்டுச் சென்றார். அவருடைய நினைவுக் குறிப்புகள் 2015இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்துள்ளன.

அந்நிகழ்வின் அரசியலை ஆராயும் தகுதி எனக்கு இல்லை. ஓர் ஆசிரியனாக நான் கவனிப்பது அதன் பின்விளைவையே. வெளிநாட்டு ஊழியருக்கு உதவப் போவது ஆபத்தான செயலாகவும் கருதப்படலாம் என்ற அச்சம் படித்தவர் நடுவே பரவிற்று. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு இத்துறையில் தொண்டூழியம் பெரிதும் அடங்கிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்ற எளிய செயலின் பின்னால் இப்படி ஒரு நிழல் இருந்ததை நான் கேலாங் மாடியில் நின்ற நாளில் அறிந்திருக்கவில்லை.

அச்சம் மெல்லத்தான் விலகிற்று. 2004இல் 'ஹோம்' அமைப்பும், 'டிரான்சியண்ட் ஒர்க்கர்ஸ் கவுண்ட் டூ' என்னும் அமைப்பும் பதிவு பெற்றன. பின்னது 2008 முதல் தேக்காவில், வேலையிழந்து வழக்கு முடியக் காத்திருக்கும் ஊழியர்களுக்கு இலவச உணவு வழங்கி வருகிறது. 2006இல் தோன்றிய 'ஹெல்த்சர்வ்' கேலாங் லோரோங் 23இல் குறைந்த கட்டணத்தில் மருத்துவகம் நடத்தியது. கையில் அடிபட்டவர், முதுகு பிடித்தவர் எனப் பலரும் அங்கே வந்தார்கள். நோயைச் சொல்லவும் மொழி வேண்டும் அல்லவா?

வங்காளதேச ஊழியர்கள் நமக்கு முன்பே விழித்துக்கொண்டார்கள் என்று சொல்ல வேண்டும். 2006இல் 'பங்ளார் கண்ட்டா' என்ற வங்கமொழி இதழ் சிங்கப்பூரில் தொடங்கியது. அதன் ஆசிரியர் ஏ.கே.எம். மொஹ்சின் 2011இல் ரோவெல் சாலையில் 'திபாஷ்ரம்' என்ற கூடத்தைத் திறந்தார். ஊழியர்கள் அங்கே கூடிப் பாடவும் எழுதவும் செய்தனர். சிறுவயதில் வங்காளதேசத்திலிருந்து வந்து, இங்கே பள்ளியில் ஆங்கிலத்தோடு மல்லாடிய சசாத் ஹொசைன், 2013இல் தம் நாட்டு ஊழியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கினார். அம்முயற்சியே 'எஸ்டிஐ அகாடமி' ஆக வளர்ந்தது. வகுப்பை ஊழியரின் நாளுக்கும் நேரத்துக்கும் ஏற்ப அமைத்ததும், அவர்களுடைய தாய்மொழி வழியாகவே ஆங்கிலத்தை விளக்கியதும் அதன் சிறப்பு. தமிழாசிரியர்கள் நிறைந்த இந்நாட்டில், தமிழ் வழியாக ஆங்கிலம் கற்பிக்கும் முயற்சி அந்த அளவுக்கு வளரவில்லை என்பது எனக்குச் சற்று வருத்தமே. 'அவர்கள் படித்துவிட்டுத்தானே வருகிறார்கள்' என்று நாமே சொல்லிக் கொண்டோமோ என்னவோ.

இதற்கிடையே அரசும் மொழியைப் பற்றிச் சிந்தித்தது. 2005இல் வீட்டுப் பணிப்பெண்கள் நாட்டுக்குள் வந்ததும் ஆங்கிலத்தில் ஒரு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்ற விதி வந்தது. தேறாதவர் திரும்பிச் செல்ல வேண்டும். கடன்பட்டு வந்த ஒரு பெண்ணுக்கு அந்தத் தேர்வறை எப்படி இருந்திருக்கும் என்று தேர்வு நடத்தும் நாம் எண்ணிப் பார்க்கலாம். 2012இல் தேர்வு நீங்கி, அறிமுக வகுப்பு வந்தது. பணிப்பெண் தமக்குப் புரியும் மொழியில் பாதுகாப்பையும் உரிமைகளையும் பற்றிக் கேட்டறியும் ஏற்பாடு அது. ஏழாண்டுகளில் ஒரு கொள்கை தேர்விலிருந்து பாடத்துக்கு மாறியது என் போன்றோருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. கட்டுமான ஊழியர்களுக்கும் 2018 முதல் தாய்மொழியில் அறிமுக வகுப்பு நடக்கிறது.

2013 டிசம்பர் 8 அன்று தேக்காவில் பேருந்து மோதித் தமிழ்நாட்டு ஊழியர் ஒருவர் உயிரிழந்ததும், அதையடுத்து மூண்ட கலவரமும் அனைவருக்கும் நினைவிருக்கும். அதன் பின் ஊழியர்களைப் பற்றி நகரமே பேசியது. ஊழியர்களோடு பேசியவர் குறைவு. 2020இல் கொவிட் பரவி, தங்குவிடுதிகளில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டபோதுதான் பேசுவதற்கு மொழி இல்லை என்பது பலருக்கும் உறைத்தது. மருத்துவர் ஒரு மொழி, நோயாளி ஒரு மொழி. தொண்டூழியர்கள் அவசரமாகத் தமிழிலும் வங்கமொழியிலும் மருத்துவச் சொற்றொடர்களைத் தொகுத்து இணையத்தில் ஏற்றினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் வெளியான கணக்கின்படி, விடுதிவாசிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது.

கேலாங் மாடிக்குத் திரும்புகிறேன். ஊதியச் சீட்டைப் பார்த்த அன்று இரவே என் பாடத்திட்டத்தைக் கிழித்துப் போட்டேன். மூன்றாம் வாரப் பாடநூல் ஊதியச் சீட்டே. 2016 ஏப்ரல் முதல், விவரம் பிரித்துக் காட்டும் ஊதியச் சீட்டை முதலாளி கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். ஆனால் அது பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அடிப்படை ஊதியம், படி, பிடித்தம், மிகைநேரம் என்ற நான்கு சொற்களை ஆங்கிலத்தில் எழுதி, அருகே தமிழ் எழுத்தில் ஒலியையும் பொருளையும் எழுதினோம். பின்பு கணக்கு. மாத அடிப்படை ஊதியத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, 52ஐயும் 44ஐயும் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால் ஒரு மணி நேரத்து ஊதியம். மிகைநேரத்துக்கு அதில் ஒன்றரை மடங்கு. மாதம் 800 வெள்ளி என்றால், மணிக்கு ஏறத்தாழ 4 வெள்ளி 20 காசு. மிகைநேரம் 6 வெள்ளி 29 காசு. கரும்பலகையில் இதை எழுதி முடிப்பதற்குள் அனைவரும் தத்தம் கைப்பேசியில் கணக்குப் போட்டுவிட்டார்கள். அன்று வழி கேட்டல் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த பாடம் மருத்துவச் சான்று. 'எம்.சி.' என்பதும் 'லைட் டியூட்டி' என்பதும் வேறு வேறு என்று விளக்குவது எளிதாக இருக்கவில்லை. முன்பு, வேலையில் காயம்பட்டவருக்கு எம்.சி. நாள்களுக்குச் சட்டப்படி ஊதிய ஈடு உண்டு. லைட் டியூட்டி நாள்களுக்கு அந்த உரிமை இல்லை. மூன்று நாளுக்குமேல் எம்.சி. போனால் விபத்தை அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆகவே மருத்துவர் எந்தச் சொல்லை எழுதுகிறார் என்பதில் ஊழியரின் வருமானமே அடங்கியிருந்தது. 2020 செப்டம்பரில் நடப்புக்கு வந்த புதிய காயஈட்டுச் சட்டம் லைட் டியூட்டியையும் சேர்த்துக்கொண்டது. "முதுகு வலிக்குது" என்பதோடு நின்றுவிடாமல், "எந்த நேரத்தில், எதைத் தூக்கும்போது, எங்கே அடிபட்டது" என்று ஆங்கிலத்தில் சொல்லப் பழக்கினோம். இறந்தகால வினைமுற்று இங்கே இலக்கணப் பயிற்சிக்காக வரவில்லை. 'வலிக்கிறது' என்றால் நோய். 'நேற்றுக் காலை விழுந்தேன்' என்றால் விபத்து.

ஒலிகளில் அவர்களுக்கு இருந்த இடர்ப்பாடுகள் நம் மாணவர்களுக்குத் தமிழில் இருப்பவற்றின் கண்ணாடிப் பிம்பம். நம் பிள்ளைகள் ழகரத்தில் தடுமாறுவது போல அவர்கள் 'ஃப', 'ஸ' ஒலிகளில் தடுமாறினார்கள். வேலையிடத்தில் ஏற்கெனவே அவர்களிடம் ஒரு கலவைமொழி இருந்தது. 'மாக்கான்', 'செப்பாட்' போன்ற மலாய்ச் சொற்களும், சீன மேற்பார்வையாளரிடமிருந்து பிடித்த சொற்களும் அதில் கலந்திருந்தன. அம்மொழி வேலை செய்யப் போதுமானது. அதைக் கேலி செய்யும் உள்ளூர்க்காரர்களைக் கண்டால் எனக்குச் சினம் வரும்.

கட்டுமானத் தளங்களின் வேலியில் தொங்கும் சிவப்புப் பலகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என நான்கு மொழிகளில் எச்சரிக்கை. தமிழில் 'அபாயம்' என்றிருக்கும். வகுப்புக்கு வந்த ஒருவர் சிரித்துக்கொண்டே, "சார், இங்க வந்து நான் படிச்ச மொத தமிழ் வார்த்தை அதுதான்" என்றார்.

முன்னர்ச் சொன்ன அந்த இளைஞருக்கு எழுதிக் கொடுத்த வாக்கியம் ஒன்று இருந்தது. பிடித்தத்துக்கான காரணத்தை எழுத்தில் தருமாறு மரியாதையுடன் கேட்கும் ஆங்கில வாக்கியம். மொத்தம் ஏழு சொற்கள். நான்கு ஞாயிறுகள் அதைச் சொல்லிப் பழகினார். ஐந்தாம் ஞாயிறு அவர் வரவில்லை. ஆறாம் ஞாயிறு வந்தார். கேட்டுவிட்டாராம். காரணம் சொன்னார்கள், விடுதியின் ஏதோ ஒரு கட்டணம், ஒரு மாதத் தொகையைத் திருப்பித் தந்தார்கள், மற்ற இரண்டைப் 'பார்ப்போம்' என்றார்கள். "'பார்ப்போம்'னு சொன்னா அடுத்து என்ன சார் கேக்கணும்?" என்று நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.